முதல் எனக்கு

வணிகவியல் வாத்தியாருக்கு வியாபாரம் மட்டும்தான் வராது. மற்றதெல்லாம் சுமாராக வரும்.

பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போனபோது, விற்றவர் சொன்ன விலைக்கு இவர் அந்த நிமிஷமே தலையாட்டினார். அதைப் பார்த்து விற்றவருக்கே மனசு கேட்கவில்லை. தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இவரோ, பேரம் பேசி அடித்து வாங்கியதாக ஆசிரியர் அறையில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாணமான புதிதில் மச்சானோடு கூட்டுச் சேர்ந்து நோட்டு, பேனாக் கடை ஒன்றும் திறந்து பார்த்தார். வந்தவர்களிடம் எந்தப் பேனா சீக்கிரம் மக்கர் பண்ணும், எந்த நோட்டில் மை ஊறும் என்று நேர்மையாக எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மழைக்காலத்தில் திறந்த கடை வெயில் வருவதற்குள் மூடிக்கொண்டது. மச்சான் இன்றைக்கும் எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "என்ன மாப்ள, புதுசா ஏதாவது தொழில் ஐடியா இருக்கா? முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் வெளியூர் போயிடறேன்" என்பார்.

வீட்டில் நிஜமாகத் தொழில் செய்பவர் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுக்கிறார். பாதிக் குடும்பம் அந்த மெஷினில்தான் ஓடுகிறது.

"ஊருக்கெல்லாம் வியாபாரம் சொல்லிக் குடுக்கறீங்க. ஒரு கிலோ தக்காளிய அழுகல் இல்லாம வாங்கிட்டு வரத் தெரியல."

"நான் தியரிம்மா" என்பார் வாத்தியார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஐந்தொகை. வருஷக் கடைசியில் கையில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் போட்டுப் பார்க்கும் கணக்குக்கு அந்தப் பெயர். எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் அங்கே கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். அவர் வராந்தாவில் திரும்பும்போதே உள்ளே, "டேய், ஐந்தொகை வருது" என்று கிசுகிசுப்பு ஓடும். அது அவர் காதிலும் விழும். பக்கத்து வகுப்பு இயற்பியல் வாத்தியாருக்குத் தும்மல் என்று பெயர். அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வார்.

பெயர் வைத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தூக்கம்தான் அவரை வாட்டியது. அவருடைய பாடவேளை மதியச் சாப்பாட்டுக்கு அடுத்தது. மின்விசிறி ஒன்று, அதுவும் ஓடுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கரும்பலகையில் அவர் கட்டம் போட ஆரம்பித்தால் முதல் வரிசை கொட்டாவி விடும், நடு வரிசை சாயும், கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவான். அந்தக் கலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுக்கே கடைசிப் பெஞ்ச் என்றுதான் பெயர்.

ஒருநாள் வாத்தியார் அவனை எழுப்பி, "லாபம்னா என்ன? சொல்லு" என்றார்.

அவன் எழுந்து நின்று, தூக்கம் கலையாமலே, "உங்களுக்கு வராதது சார்" என்றான்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். சாயங்காலம் ஸ்கூட்டரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அதன்மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பையன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். அந்த அம்மா முன்னால் வேதியியல் எடுத்தவர். எதையும் அளந்து ஊற்றிப் பழகியவர், சிரிப்பு உட்பட.

"மேடம், பிள்ளைங்க வாரத்துக்கு ஒருநாள் இடைவேளையில சாப்பாட்டுக் கடை போடட்டும். அவங்களே வாங்கி, அவங்களே செஞ்சு, அவங்களே விக்கட்டும். வியாபாரத்த வியாபாரம் பண்ணித்தான் படிக்கணும்."

"நீங்க சொல்லித் தரப் போறீங்களா?" என்று கேட்டார் அவர். 'நீங்க' என்பதை வேண்டுமென்றே அழுத்தவில்லை. ஆனாலும் அது அழுந்தியே விழுந்தது.

கடைசியில் பள்ளி நிதியிலிருந்து ஒரு தொகையை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. "பருவம் முடியறப்போ இந்தப் பணம் குறையாம என் கைக்குத் திரும்பி வரணும். வந்தா அடுத்த வருஷமும் நடத்துங்க. வரலைன்னா கடை கிடையாது, பழையபடி புத்தகம்தான்."

"கண்டிப்பா வரும் மேடம்" என்று வாத்தியார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

அன்றைக்கு வகுப்பில் அவர் நடந்த நடையே வேறு. புத்தகத்தில் அந்தப் பணத்துக்கு மூலதனம் என்று பெயர். அப்படியே சொல்லியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் இன்றைக்கு நாம் வாத்தியார் இல்லை, வியாபாரி என்று அவருக்குள் ஒரு துள்ளல். கடைத்தெருவில் பேசுகிற மாதிரியே பேசிப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். பணத்தை, வகுப்பின் மேனேஜராகத் தேர்ந்தெடுத்த ஒற்றைப் பின்னல் பெண்ணிடம் கொடுத்தார். சுண்ணக்கட்டியை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

முதல் எனக்கு. லாபம் உங்களுக்கு.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் கத்தியது. அவர் வகுப்பில் அப்படி ஒரு குரல் அதுவரை எழும்பியதில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். வாத்தியார் பூரித்துப்போனார்.

"இது உங்க தொழில். வித்த பணத்துல அடுத்த வாரத்துக்குச் சாமான் வாங்கிக்கோங்க, மிச்சத்த நீங்களே பாத்துக்கோங்க. நான் தலையிட மாட்டேன்" என்றும் சொல்லிவைத்தார். பெரிய முதலாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார்.

கடை தொடங்கியது. பழைய ஆய்வக அறையின் நீள மேசை, அதில் அமிலம் பட்ட கறையை மறைக்க வாத்தியார் மனைவி கொடுத்த மிச்சத் திரைத்துணி. வெள்ளரிக்காயும் தக்காளியும் வைத்த சாண்ட்விச், எலுமிச்சை ஜூஸ், வெட்டிய பழம், வேகவைத்த சோளம். முதல் வாரம் ஜூஸில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். குடித்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் வாரம் சர்க்கரையை மட்டும்தான் போட்டார்களோ என்று தோன்றியது. அதன் பிறகு கை தேறிவிட்டது. மேனேஜர் பெண் தக்காளிக்காரரிடம் பேரம் பேசுவதை வாத்தியார் ஒருநாள் சந்தையில் தூரத்தில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்த தக்காளியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

கடைசிப் பெஞ்சுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேசை முன்னால் நின்று, "வாங்க வாங்க! சோளம் சூடு ஆறினா நாங்க பொறுப்பில்ல!" என்று அவன் போடுகிற சத்தத்தில் மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். மதிய வகுப்பில் இப்போது யாரும் தூங்குவதில்லை. ஏன் சார் போன வாரம் நிறைய வித்தும் கொஞ்சம்தான் மிஞ்சிச்சு, விலைய ஏத்தினா வாங்குவாங்களா என்று கேள்வி மேல் கேள்வி. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட வகுப்பு இதுதான். இது கையைவிட்டுப் போகக் கூடாது என்று அவர் வெளிப்படையாகவே பயப்பட்டார். ஸ்கூட்டர் சிக்னலில் நிற்கும்போதுகூட, 'அடுத்த வருஷமும் வேணும்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு சந்தோஷம். ஒவ்வொரு வாரமும் கடை திறப்பதற்கு முன்னால், மேனேஜர் பெண் ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு அவரிடம் வருவாள். அன்றைக்குச் செய்த ஒவ்வொன்றிலும் ஒன்று அதில் இருக்கும். மேசைமேல் வைத்துவிட்டு, "சார், முதல்" என்பாள்.

முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், பிறகுதான் மற்றவர்கள் என்கிறாள் என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? பெருமையாகச் சாண்ட்விச்சை எடுப்பார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கடைசி வாய் உள்ளே போனதும், ஒரு பெரிய கடமையை முடித்த மாதிரி வெறும் தட்டை வாங்கிக்கொண்டு போவாள். சில நாள் சோளம் நன்றாக இருந்தால், "இன்னொண்ணு இருக்காம்மா?" என்று இவரே கேட்டதும் உண்டு. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"எனக்கு வைக்காம அவங்க ஒரு கடலைகூட விக்கறதில்ல" என்று ஆசிரியர் அறையில் சொன்னார். தும்மல் வாத்தியார் பொறாமையில் இரண்டு தரம் தும்மினார்.

வீட்டில் மனைவி அவருடைய கால்சட்டையின் கொக்கியைத் தள்ளித் தைத்துக்கொண்டே கேட்டார். "எதுக்குங்க உங்களுக்கு மட்டும் ஓசில?"

"ஓசி இல்லம்மா. மரியாதை."

"மரியாதை இடுப்புலயா ஏறும்? இதுக்கு மேல பிரிச்சு விடத் துணி இல்ல. சொல்லிட்டேன்."

பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை ஆய்வக அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மேசைமேல் திரைத்துணி துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாத்தியார் புதுச்சட்டை போட்டிருந்தார். அது வயிற்றுக்கு மேலே மட்டும் கொஞ்சம் பழசு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தது.

"நல்லா நடத்தினீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் அந்த அம்மா. அளந்து ஊற்றுபவர் சற்றுத் தாராளமாகவே ஊற்றியிருந்தார். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தி, கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி கையை நீட்டினார்.

"மேனேஜர்! மேடம்கிட்ட அந்த முதலக் குடும்மா."

மேனேஜர் பெண் விழித்தாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"சார்... முதல் எல்லாம் நீங்கதானே சார் சாப்பிட்டீங்க?"

தலைமையாசிரியையின் தலை மெதுவாக வாத்தியார் பக்கம் திரும்பியது. நல்ல மனசுக்காரன் கடைசிப் பெஞ்ச், சாருக்கு ஒரு கஷ்டம் என்று தெரிந்ததும் முட்டுக்கொடுக்க எழுந்தான்.

"ஆமா மேடம். ஒரு வாரம்கூட விடல. ஆனா ஒளிச்செல்லாம் சாப்பிடல மேடம். எங்க கண்ணு முன்னாடியேதான் சாப்பிட்டாரு."

"சில வாரம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டாரு" என்றது நடு வரிசை.

வாத்தியாருக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த அம்மா, "சார், கொஞ்சம் வெளியில வாங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு நடந்தார்.

"மேடம், நான் சாப்பிட்டது சாண்ட்விச்" என்றார் வாத்தியார்.

"பள்ளிக்கூடப் பணத்துல எத்தனையோ பேர் எத்தனையோ மாதிரி சாப்பிட்டுப் பாத்திருக்கேன். இப்படிச் சொல்றவர இப்பத்தான் பாக்கறேன்."

"இல்ல மேடம், நிஜமாவே சாண்ட்விச். சோளம். ஜூஸ்..." பட்டியல் நீள நீள நிலைமை மோசமாவது அவருக்கே தெரிந்தது. நிறுத்திக்கொண்டார். திடீரென்று, முதல் நாள் கரும்பலகையில் தாம் எழுதியது கண் முன்னால் வந்து நின்றது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "ஐயையோ" என்றார். பிறகு, "மேடம், நான் ஒரு முட்டாள்" என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடுமாறவில்லை.

பலகையில் எழுதியதை அவர் சொல்லி முடித்த பிறகு இருவரும் உள்ளே திரும்பினார்கள். தலைமையாசிரியை வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "சார் முதல் எனக்குன்னு சொன்னாரே, அப்படின்னா என்ன?"

"மொதல்ல செய்யறத மொதல்ல சாருக்குக் குடுத்துடணும் மேடம்" என்றாள் மேனேஜர் பெண். "குடுத்துட்டோம். பாக்கியே இல்ல."

"அப்ப பணம்?"

"அது லாபம் மேடம். லாபம் எங்களுக்குன்னு சார் சொல்லியிருந்தாரு. கடைசிக் கடை முடிஞ்சதும் எல்லாத்தையும் பங்கு போட்டுக்கிட்டோம். இனி அடுத்த வாரம் கடை இல்லையே, சாமான் வாங்கவும் எடுத்து வைக்க வேணாமே?"

வாத்தியார் பலகைக்குப் போனார். முதல் என்றால் மூலதனம் என்று எழுதினார். சுண்ணக்கட்டி உடைந்தது. திரும்பிப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

மேனேஜர் பெண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போட்டது. அதற்குள் கடைசிப் பெஞ்ச் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடச்சே! அப்ப நாம பங்கு போட்டுக்கிட்டது முழுக்க லாபம் இல்லடி. போட்ட பணமும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. அத எடுத்து வச்சிட்டு மிச்சத்தத்தான் தொட்டிருக்கணும். சார் ஒரு பக்கம் சாப்பிட்டாரு, நாம ஒரு பக்கம் சாப்பிட்டுட்டோம். கையில காசு இருந்ததால லாபம்னு நினைச்சிட்டோம். கடைங்கள எல்லாம் இப்படித்தான் மூடறாங்களா சார்?"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை அவர் கலர் சுண்ணக்கட்டியில் கட்டம் போட்டு, அம்பு போட்டு, அடிக்கோடு போட்டு எத்தனை வருஷம் கத்தியிருப்பார்! ஒரு பிள்ளை மண்டையிலும் ஏறியதில்லை. கடைசியில் அது ஏறியது அவர் சொல்லிக்கொடுத்ததால் இல்லை, அவர் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததால். இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல், "ஆமாப்பா. என் கடையும் போட்ட பணம் திரும்பாமத்தான் மூடினது" என்றார்.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க, ஒத்துக்கறேன். ஆனா சொன்னது சொன்னதுதான் சார். முதல் திரும்பல."

"நான் குடுத்துடறேன் மேடம். என் சம்பளத்துல..."

"நீங்க குடுத்தா அது அபராதம். முதல் இல்ல." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். 'முதல் எல்லாம் நீங்கதானே சாப்பிட்டீங்க' என்ற இடம் வந்ததும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சிரித்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, "ரொம்ப ஆசைப்பட்டீங்கல்ல?" என்றார்.

"ரொம்ப" என்றார் வாத்தியார்.

திங்கட்கிழமை பருவத்தின் கடைசி வேலை நாள். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடுத்த வருஷமும் கொட்டாவிதான் என்று நினைத்தபடி வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். இடைவேளை மணி அடித்த கையோடு ஆய்வக அறைப் பக்கம் ஒரு சத்தம்.

"வாங்க வாங்க! இன்னிக்கு விட்டா அப்புறம் லீவுதான்!"

போய்ப் பார்த்தார். மேசை போட்டிருந்தது. பங்கு போட்டுக்கொண்டதில் செலவழிக்காமல் வைத்திருந்தவர்கள் அதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். செலவழித்துவிட்டவர்கள் வீட்டிலிருந்து வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் எடுத்து வந்திருக்கிறார்கள். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையிட மாட்டேன் என்று சொன்னவரிடம் என்னத்தைச் சொல்வது? பலகையில் மேனேஜர் பெண்ணின் கையெழுத்து: மூலதனம் மேடத்துக்கு. லாபம் எங்களுக்கு.

சாண்ட்விச் வாசனை வந்தது. வாத்தியார் பழக்க தோஷத்தில் நேராக மேசைக்கு முன்னால் போய் நின்று புன்னகைத்தார்.

"சார், வரிசை" என்றாள் மேனேஜர் பெண். தலையைக்கூடத் தூக்கவில்லை.

வரிசை கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போயிருந்தது. அதன் பாதியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில், பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை நின்றிருந்தார். வாத்தியார் அவரைக் கடந்து, குனிந்த தலையோடு வால் வரைக்கும் நடந்து போய் நின்றார். வரிசை நகர்ந்தது. வாசனை கூடியது. முன்னால் மேனேஜர் பெண் தலைமையாசிரியையிடம் ஒரு தட்டையும், பிறகு ஒரு கனத்த காகித உறையையும் கொடுப்பது தெரிந்தது. அந்த அம்மா உறையைப் பிரித்துப் பார்த்தார், மூடினார், பைக்குள் வைத்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

ஒருவழியாக மேசைக்கு வந்து சேர்ந்தார். தட்டு காலி, ஜாடி காலி. கடைசிப் பெஞ்ச் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தீந்துடுச்சு சார்" என்றான். "உங்களுக்கு முன்னாடி நின்னவங்களோட சரி."

"ஒண்ணுகூட இல்லையாப்பா?"

"வியாபாரம் சார்" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து வாத்தியார் திரும்பினார். தலைமையாசிரியை, வாயில் சாண்ட்விச், கையில் மீதிச் சாண்ட்விச். மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"அடுத்த வருஷமாவது கொஞ்சம் சீக்கிரம் வந்து வரிசையில நில்லுங்க சார்."